சதுரமாக வளர்ந்த வேர்

தூங்குமூஞ்சி மரத்தின் காய் காலில் நசுங்கினால் வெல்லப் பாகு தீய்ந்தது போல ஒரு வாசனை வரும். பங்குனி, சித்திரையில் பிரேசர் டவுனில் என் அம்மா வேலை பார்த்த சாலை முழுவதும் அந்த வாசனைதான், செருப்பில் ஒட்டிக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீடு வரை வந்துவிடும். அம்மா செய்தது "கார்டன் வேலை", அதாவது சாலையோர மரங்களைப் பார்த்துக்கொள்ளும் கூலி வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட பதினேழு மரங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கூடி நின்றதால் நடுப்பகலிலும் அங்கே தார் காலைச் சுடாது.

கோடை மழைக்கு முன்னால் ஒவ்வொரு மரத்தடியிலும் மண்ணைக் கொத்திவிட்டு, ஒரு பாய் அகலத்துக்கு வட்டமாகப் "பாத்தி" கட்டுவாள். "மரம் வாயாலயா தண்ணி குடிக்குது? மண்ணத் தொறந்து வுட்டாதானே உள்ள எறங்கும்" என்பாள். பள்ளி விடுமுறையில் கூடப் போகும் எனக்கு அந்தக் காய்களைப் பொறுக்கி இடித்துப் பந்து செய்வதில்தான் கவனம்.

நான் எட்டாவது படிக்கும்போது நடைபாதைக்குக் கல் பதிக்க வந்தார்கள். ஒரு முழம் மண்கூட விடாமல், வெளியே ஓடிய வேர்களை வெட்டிவிட்டு, அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டால் சதுரமாகக் கட்டை கட்டி, சுற்றிலும் கல் பரப்பினார்கள். அம்மா மேஸ்திரியிடம் சொன்னாள், ஒப்பந்தக்காரரிடம் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் விடிந்ததும் கடப்பாரையோடு போய், முதல் மரத்தைச் சுற்றியிருந்த கட்டையையும் கல்லையும் பெயர்த்துவிட்டாள்.

"கவர்மெண்டு போட்ட கல்ல பேக்கறதுக்கு நீ யாரும்மா?" என்று மேஸ்திரி குதித்தார். மறுநாளே எல்லாவற்றையும் பழையபடி கட்டிவிட்டு, கன்னடத்தில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் வேலை என்றார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நானோ கன்னடப் பள்ளியில் படித்தவள். மேஸ்திரி சொல்லச் சொல்ல முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். இனி மரத்தடியில் கை வைக்க மாட்டேன் என்ற வரியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது, "மரத்தடியத் தொடாம என்னாடி கார்டன் வேலை?" என்று கேட்டாள். நான் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். கைநாட்டு வைத்தாள். வேலை தப்பியது, ஆனால் அதன் பிறகு வேலையிலிருந்து நின்ற நாள் வரை இலை கூட்டுவது மட்டும்தான். அதை எழுதிய என் கையின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

சென்ற சித்திரையில் ஒரு மாலை, கால் மணி நேரக் காற்றுமழையில் அந்த முதல் மரம் சாய்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்தின் வேர், தொட்டியிலிருந்து பிடுங்கிய செடியின் வேரைப் போல, சிமெண்டுக் கட்டையின் அளவுக்குச் சதுரமாக இருந்தது.

"கிளைமேட் சேஞ்சு மேடம், முன்ன மாதிரி காத்தா இது? நாம என்னா பண்ண முடியும்?" என்றார் பார்வையிட வந்த அதிகாரி. காலம் கெட்டுப்போனது எனக்குத் தெரியாதா? மின்விசிறியே இல்லாமல் நாங்கள் வளர்ந்த ஊரில் இன்று சுவர் கொதிக்கிறது, ஒரு மாத மழை ஒரே மாலையில் கொட்டுகிறது, காற்று வெறிபிடித்து அடிக்கிறது. அப்படி அடிக்கும் என்று தெரிந்த பிறகாவது சிமெண்டை உடைத்து வேருக்கு வழி விட்டார்களா? செய்ததையெல்லாம் செய்துவிட்டு வானத்தின் மேல் பழி போட இவர்களுக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது.

மற்ற பதினாறு மரங்களைச் சுற்றியுள்ள கட்டைகளையாவது உடையுங்கள் என்று மனு கொடுத்தேன். அவற்றை "ஆபத்தான மரங்கள்" என்று சொல்லி, சிவப்புப் பெயிண்டால் குறி போட்டு, ஒரே வாரத்தில் அடியோடு அறுத்தார்கள். தெருமுனையில் "பாரம்பரிய மரச் சாலை" என்ற பலகை மட்டும் நிற்கிறது. அதன் காலைச் சுற்றி நல்ல செம்மண் போட்டு, பூச்செடி வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

முட்டி வலியால் அம்மா வெளியே வந்தே வெகுநாளாகிறது, அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. வெயில் தாங்காமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டுநரிடம் சொன்னாள்: "மரத்தடி ரோடு வழியா போப்பா, வெயிலு தெரியாது."

அவர் திரும்பாமலே சொன்னார்: "அந்த ரோட்லதாம்மா போயினு இருக்கோம்."