சுகப்பிரசவமாம்

சுகப்பிரசவம் என்று ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார் மாமியார். வயிற்றைக் கிழிக்கவில்லை, அது போதும் அவருக்கு. பிள்ளை வந்த பிறகு நஞ்சுக்கொடி வரவில்லை. மரத்துப்போக வைக்கும் மருந்து பிடிப்பதற்குள் மருத்துவர் கையுறையை இழுத்து மாட்டி, கையை உள்ளே விட்டு அதைப் பிய்த்தெடுத்தார். இரண்டு தாதிகள் ஏறி உட்காராத குறையாக என் அடிவயிற்றை அமுக்கினார்கள். நிறுத்தச் சொல்லித் தமிழில் கத்தினேன், மலாயில் கத்தினேன், ஆங்கிலத்திலும் கத்தினேன். "ரிலேக்ஸ் லா" என்று சிரித்தாள் ஒருத்தி. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, உயிரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், தெரியும். அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். பிள்ளை நல்லபடியாக இருக்கிறதே, வேறென்ன வேண்டும்? டயப்பர் பொட்டலத்தைக் கொடுத்து, தேத்தண்ணீரைக் குடித்து, என் வாயையும் அடைத்துவிட்டுப் போனார்கள்.

கணவர் பாத்திரம் கழுவ ரப்பர் கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டாலே என் தொடைகள் தானாக இறுகிக்கொள்ளும். சொன்னேன். இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். கையுறையை மட்டும் விடவில்லை மனிதர்.

கிளினிக்கிலிருந்து வந்த மலாய்த் தாதி ஒருத்திதான் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் தலையாட்டும்வரை கையை நீட்டவில்லை. அன்று என் தொடைகள் இறுகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என்னைத் தொடுவதற்கு முன் என்னைக் கேட்க வேண்டும்.

அதற்கு மறுவாரம், பகலில் பிள்ளையோடு கண்ணயர்ந்திருந்தேன். அடிவயிற்றில் எண்ணெய்க் கைகள் அழுத்துவதை உணர்ந்து விழித்தேன். எட்டி உதைத்தேன். நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த, உடம்பு பிடித்துவிடும் பெண்மணி எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் சாய்ந்தார். பிள்ளை பெற்றவளின் வயிற்றை நீவி, நீளத் துணியால் இறுகக் கட்டுவது இங்கே நம் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் வழக்கம். அந்தத் துணியைக் கையில் பிடித்தபடி மாமியார் தலைமாட்டில் நின்றார். காலையில் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போய் அந்தப் பெண்மணியைக் காரில் கூட்டி வந்தது கணவர். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

பெரியவர்களைக் காலால் உதைப்பதா என்று மாமியார் ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் கணவர். உதைபட்ட அந்தப் பெண்மணிக்காக எனக்கு வருத்தம்தான். இவர்கள் இரண்டு பேர்மீதும் பற்றிக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஏன் கேக்கலே?" என்றேன்.

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே. அதான் கேக்கலே" என்றார் மாமியார், கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே. கணவரைப் பார்த்தேன். அம்மா சொல்வது சரிதானே என்பதுபோல் நின்றார்.

எல்லோரையும் வெளியே போகச் சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அந்த அறைக்குள் யார் வந்தாலும், மாமியாரோ கணவரோ, கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தட்டுகிறார்கள். சில நாள் தட்டினாலும் நான் திறப்பதில்லை.