எதிர்வீட்டுக்காரரின் காப்பிப் பொடி

யுத்த காலத்தில் பூந்தமல்லியில் காப்பிப் பொடி கிடைப்பதே பெரும்பாடு. எதிர்வீட்டுக்காரர் கொட்டையைக் கருக்க வறுத்து, சிக்கரி கலந்து விற்பார். எங்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைப்பார். அவர் மனம் கோணினால் அதுவும் நின்றுபோகுமே என்று பயந்து, கசந்தாலும் நான் வேறு பொடி வாங்குவதில்லை.

ஒருநாள் என் மைத்துனர் பட்டணத்திலிருந்து பொடி கொண்டுவந்து, அதில்தான் காப்பி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வாசனை எதிர்வீட்டுக்குப் போகாதிருக்க ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன்.

"காப்பி போடுறியா, களவாண்டுகினு கீறியா மச்சான்?" என்றார் அவர், வேர்வையைத் துடைத்தபடி.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரரே வந்து உட்கார்ந்தார். கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தவர், "பட்டணத்துப் பொடியா நைனா? எங்க ஊட்லயும் இத்தான். நம்ம பொடி அவளுக்குக் கசக்குதாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை காலம் அந்தக் கசப்பை வாய் பேசாமல் விழுங்கியிருக்கிறேன். மறுவாரமும் அவரிடம்தான் வாங்கினேன், வேறு யார் எனக்கு ஒதுக்கி வைப்பார்கள்? ஆனால் வறுவலையும் சிக்கரியையும் குறைக்கச் சொல்லித்தான் வாங்கினேன்.