மாமியாரைக் கண் சிமிட்டச் சொன்ன நாள்

எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக என்னைப் போட்டபோது ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள். பாசன வாய்க்கால் எது, வடிகால் எது என்றுகூடத் தெரியாமல் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆனால் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். வேலை அட்டை இருந்தது. படம் எடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு போனும் இருந்தது. ஊராட்சிச் செயலருக்கு அது போதும்.

மீதிப் பாதிப் பேர் சிரிக்கவில்லை, கவலைப்பட்டார்கள். வேலைக்கு வருகிற பெண்களில் என் மாமியாரும் ஒருவர். அவர் என்னோடு பேசுவதில்லை.

ஒரே மகன் சொல்லாமல் கொள்ளாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றி, யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும். அத்தை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். வீட்டை ஒட்டிய சாய்ப்பை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். தனி அடுப்பு, தனி உலை. எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவார். மழை வருகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்லு என்பார். நான் அதே வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். அக்கா என் பக்கம் திரும்பி, காதில் விழுந்ததா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

என் கணவருக்கு அறுவடை மிஷின் ஓட்டுகிற வேலை. சீசன் வந்தால் ஊர் ஊராகப் போய்விடுவார். அவர் இல்லாத மாதங்களில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அத்தை. அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தாளித்தால் அவருக்கு மணக்கும். பேச்சு மட்டும் கிடையாது. எத்தனையோ நாள், இரண்டு திட்டாவது திட்டிவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

நூறு நாள் வேலை என்றால் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவது என்று டவுனில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்து பார்த்தால் தெரியும். எந்த வாய்க்காலை முதலில் தூர்வாருவது என்று கிராம சபையில் கீழத்தெருவும் மேலத்தெருவும் குடுமிப்பிடிச் சண்டை போட்டு, தலைவர் இரண்டு தெருவிடமும் திட்டு வாங்கி, ஒரு வழியாகத் தீர்மானம் ஆகும். பிறகு யூனியனிலிருந்து ஓவர்சியர் வந்து கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம் என்று பிரித்துக் கொடுப்பார். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு கரையிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கும். நடவுக்கு மிஷின் வந்தபின் சேர்ந்து வேலை செய்ய வழியில்லாமல் போன பெண்கள் எல்லாரும் இங்கேதான் சேர்ந்து குனிந்து நிமிர்ந்தார்கள். சிரிப்பும் ஏச்சுமாக வெயில் ஏறுவதே தெரியாது.

முதல் நாள் காலை கரையில் நின்று வருகைப் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். அவரவர் இருக்கேன் என்றார்கள். பாதியில் அத்தையின் பெயர் வந்தது. என் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. மாமியார் பெயரை மருமகள் சொல்வதா? என் அம்மா கேட்டால் அடிக்கவே வருவாள். சரி, இன்னாருடைய மனைவி என்று சொல்லலாம் என்று பார்த்தால், பட்டியலில் பக்கத்தில் இருப்பது காலமாகிவிட்ட மாமனார் பெயர். அது அதைவிட மோசம். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய்க்காலைப் பார்த்தேன்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து டொக் என்று ஒரு சத்தம். அத்தை மண்வெட்டியைக் கரையில் ஓங்கிக் குத்தியிருந்தார். முகம் வேறு எங்கோ இருந்தது. நான் வருகையைக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனேன். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. அவர் பெயர் வருகிற இடத்தில் நான் நிறுத்துவேன், அவர் மண்வெட்டியைக் குத்துவார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அது ஒன்றுதான் அவர் எனக்கென்று செய்தது.

பிறகு போனில் வருகை எடுக்கும் முறை வந்தது. கூட்டமாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அத்தை எல்லாப் படத்திலும் ஓரமாக, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாதி முகத்தோடு நின்றார். அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மேலேயிருந்து இன்னொன்று சொன்னார்கள். ஆளுக்கு ஆள் முகத்தைச் சரிபார்க்க வேண்டும். பொறுப்பாளர் போனைப் பிடிக்க, வேலையாள் அதற்கு நேராக நிற்க, திரையில் இருக்கிற வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் பச்சை டிக் விழும். விழாதவர்களுக்கு அடுத்த வாரம் முதல் வேலை இல்லை.

வாய்க்கால் கரை திருவிழா ஆகிவிட்டது. இந்த வயதில் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கச் சொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒருத்திக்கு ஒரு கண் மட்டும்தான் மூடியது. ஒருத்தி சிமிட்டச் சொன்னால் சிரித்தாள், சிரித்தால் வட்டத்தைவிட்டு வெளியே போனாள். கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்றார். வெயிலில் போன் சூடாகி அடிக்கடி நின்றுவிடும். ஈரத்துணியில் சுற்றிவைத்து மறுபடி எடுப்பேன். இரண்டே நாளில் எல்லாருக்கும் டிக் விழுந்துவிட்டது. அத்தை மட்டும் பாக்கி.

அவர் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். தன் பங்குக்கு மேலேயே வெட்டினார். போன் பக்கம் மட்டும் வரவில்லை. அக்காவை அனுப்பிக் கேட்டதற்கு, பேர் போனால் போகட்டும் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் முகத்தைப் பார்ப்பதைவிட வேலையை விடுவது மேல் என்றா நினைக்கிறார்? அந்த வாய்க்கால் கரை இல்லாவிட்டால் நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் யாரோடு பேசுவார்? சுவரோடா?

கடைசி நாள் செயலர் பைக்கில் வந்தார். நல்ல மனிதர்தான். யூனியன் ஆபீசிலிருந்து வந்த போன் அழைப்புகளால் அவர் முகம் வாடிப்போயிருந்தது. ஒரு ஆளுக்காக மொத்த ஊரையும் நிறுத்திவைக்க முடியாதும்மா, அவங்க பேரை எடுத்துவிடுகிறேன் என்றார். உங்கள் போனில் படம் எடுத்துப் பாருங்கள் சார் என்று கெஞ்சினேன். இந்தப் பணித்தளத்துக்கு ஆப் உன் போனில்தான் திறக்கும் என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"அவங்க பேரை எடுக்கறதா இருந்தா என் பேரையும் சேத்து எடுத்துருங்க சார். அவங்க இல்லாத எடத்துல எனக்கு என்ன வேலை?"

கரையில் மண்வெட்டிச் சத்தம் நின்றுபோனது. செயலர் தலையைச் சொறிந்தார். சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மத்தியானம் எல்லாரும் புங்கமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளி, மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். பசிக்கவில்லை. முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அத்தை. முழங்கால் வரை சேறு. தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

அவசரமாக எழுந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். வட்டத்துக்குள் அவர் முகம் வந்தது. கண் மட்டும் என் தோளுக்கு மேலே எங்கேயோ வயலைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன் ஏற்கவில்லை.

"கொஞ்சம் நேராப் பாருங்க அத்தை" என்றேன். அத்தை என்று அவரை அன்றுதான் முதல்முறை கூப்பிட்டேன்.

பார்த்தார். போனை இல்லை. போனுக்குப் பின்னால் இருந்த என்னை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கண்கள் என்மேல் நேராக விழுந்தது அதுதான் முதல் தடவை. கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் சிமிட்டவில்லை. நெற்றி, கண், கழுத்து என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் யாரும் பெண் பார்க்க வரவில்லை. அக்கா கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தாள்.

"ஏன் இப்புடி எளைச்சுக் கெடக்க?" என்றார் அத்தை.

அக்காவிடம் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"ஒன்னத்தான் கேக்குறேன். அவன் ஊருக்குப் போயிட்டா நீ ஒலை வைக்கிறதே இல்லியா? ராத்திரியில அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரல. நேத்தும் வரல."

சாப்பிடுகிறேன் அத்தை என்றேன்.

"பொய் சொல்லாத. கழுத்தெலும்பு தெரியுது. அவன் வந்து பாத்தா என்னையத்தான் கேப்பான், ஒரு வாய் சோறு போடலியான்னு. ஊரு என்ன சொல்லும்?"

அதற்குமேல் அவர் நிறுத்தவில்லை. நான் தண்ணீர் எடுக்கத் தனியாகப் போவது, காய்ச்சலோடு கரையில் நின்றது, தலையில் எண்ணெய் வைக்காதது, செயலரிடம் கத்தியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டினார். இத்தனை நாளும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்து போன் திரை கலங்கியது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வட்டம் சிவப்பாக இருந்தது. முகம் அசைகிறது, அசையாமல் நிற்கவும் என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை பேச்சை நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா நின்றால்தான் டிக் விழும். பொறுப்பாளராக நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அவர் திட்டி முடிக்கும்வரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.