புது கார்டுக்குத் தனி வரிசை

திருநங்கைகளுக்கு அரசாங்கம் முதன்முதலாக ரேஷன் கார்டு கொடுத்த நேரம். காலடிப்பேட்டை ரேஷன் கடையில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கமலாக்கா புது கார்டோடு வந்து, எதில் நிற்பதென்று விழித்தாள். கைநாட்டான நான்தான் அங்கே சட்ட நிபுணர்.

"உங்களுக்குத் தனி லைன்க்கா, கவர்மெண்டு ஆர்டரு. அதோ, அங்க நில்லு" என்று வெயிலைக் காட்டினேன். இரண்டு வரிசையும் வாயைப் பொத்திச் சிரித்தது.

"நமக்குன்னு தனி லைனே வுட்டுக்கீறாங்களா நைனா!" என்று பூரித்தவள், இரண்டு மணி நேரம் தனியாக நின்றாள்.

அரிசி தீர்ந்து கடையைச் சாத்தினார்கள். "என் லைன எப்போ நைனா கூப்புடுவாங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

"நாளைக்கிக்கா" என்றேன், என் அரிசிப்பையைத் தூக்கிக்கொண்டே.

மறுநாள் அந்தப் பக்கம் போனேன். அதே வெயிலில் நின்றிருந்தாள். நான் தெரு மாறிப் போய்விட்டேன்.