சார்ட்டில் வரைந்த சாவி

ஒருவர் வாயிலிருந்து ரகசியத்தை எப்படி வரவழைப்பது என்று எங்களுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். வந்ததை எங்கே பத்திரமாக வைப்பது என்பதற்கு ஒரே ஒரு வகுப்பு. அன்றைக்கு நாங்கள் பாதிப் பேர் கேன்டீனில் இருந்தோம்.

நான் படித்தது சமூகப்பணியில் முதுகலை. சிறப்புப் பாடம் இளைஞர் நலனும் சமுதாய மேம்பாடும். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது என்ன படிப்பென்று விளங்கவில்லை. டீச்சர் வேலையா, நர்ஸ் வேலையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால் அம்மாவைப் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கோ உள்ளூரக் கர்வம். ஊரெல்லாம் பிழைப்புக்குப் படிக்கிறது, நான் மட்டும் மனிதர்களுக்காகப் படிக்கிறேன் என்று நிஜமாகவே நம்பினேன். அன்றைய என்னை இன்று எங்காவது பார்த்தால் ஓங்கி ஒன்று விடுவேன்.

களப்பணிக்கு எனக்குக் கொடுத்தது ஆம்பூரை ஒட்டிய ஒரு காலனி. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை ஞாயிறு மதியம் அங்கன்வாடிக் கட்டிடத்தில் கூட்டிக் குழு நடத்த வேண்டும். ஆறு நாள் மெஷின்மேல் குனிந்து கிடந்தவர்களை ஏழாம் நாள் வட்டமாக உட்காரவைத்து, உங்கள் கனவு என்ன என்று கேட்டேன். ஒருத்தி, "தூக்கம்க்கா" என்றாள். அதையும் ரெக்கார்டில் எழுதிக்கொண்டேன். முதல் மாதம் அங்கன்வாடி நிறைய வந்தார்கள். மூன்றாம் மாதம் நாலு பேர் மிஞ்சினார்கள்.

அந்த நாலு பேரில் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. பாயை விரிப்பதும் அவள்தான், கடைசியில் சுருட்டி வைப்பதும் அவள்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன இரும்புச் சாவி தொங்கும். அவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு ஒரு தோழி வருவாள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், கம்பெனி பஸ்ஸிலும் ஒரே சீட். சாவிக்குப் பூட்டு எங்கேடி என்று மற்ற இருவரும் கேலி செய்தால் தோழிதான் முந்திக்கொண்டு பேச்சை மாற்றுவாள்.

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். வெளிய போவக் கூடாது."

"சொல்லும்மா. நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும்." இந்த வாக்கியத்தை வகுப்பில் ஒத்திகை பார்த்திருக்கிறோம். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட.

"எனக்கு ஃபிட்ஸ் இருக்குதுக்கா. பன்னெண்டாவது படிக்கறப்போ வந்துச்சு. வேலூர்ல காட்டி மாத்திரை சாப்புட்றேன். ரெண்டு வருஷமா ஒரு தபாகூட வர்ல. கம்பெனியில சொல்லல. சொன்னா கேட்டுலயே நிறுத்திடுவாங்க. அம்மாவுக்கு டேனரில தோல் தூக்கியே முதுகு போயிடுச்சு. என் வேலைய வச்சுத்தான் வீடு ஓடுது. என்கூடவே வர்றாளே, அவ ஒருத்திக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாத்திரை டாக்டருக்காக, சாவி அம்மாவுக்காக என்று சொல்லிச் சிரித்தாள். ஏற்றுமதியாகும் ஷூவில் இரும்புத் துண்டு சிக்கிவிடக் கூடாதென்று கம்பெனிக்குள் வளையல்கூடப் போட விடமாட்டார்கள். கேட்டில் சாவியைப் பிடித்தபோது தொழிலாளர் நலனைக் கவனிக்கும் வெல்ஃபேர் மேடம்தான் வந்து பார்த்தாராம். கோயில் வேண்டுதல் என்று இவள் சொல்ல, சுடிதாருக்குள் விட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டாராம்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியது நிஜம். அந்தக் கண்ணீருக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேஸ் கிடைத்துவிட்டது. வகுப்பில் எல்லோரிடமும் இருந்தது குடிகார அப்பாவும் படிப்பை விட்ட பிள்ளையும். என்னிடம் மட்டும் அசல் சரக்கு. குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தலைப்பை யோசிக்க ஆரம்பித்தேன்.

பருவ முடிவில் ஒவ்வொருவரும் தன் கேஸை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். பெயரை மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றினேன். செல்வி எக்ஸ். வயதில் ஒன்றைக் கூட்டினேன். ஊரையும் கம்பெனியையும் எடுத்துவிட்டேன். சட்டப்படி சுத்தம். ஆனால் எங்கள் படிப்பில் மதிப்பெண் சார்ட்டுக்குத்தான். நடுவில் ஒரு வட்டம் போட்டு ஆளை எழுதி, சுற்றிலும் வீடு, வேலை, ஆஸ்பத்திரி, நட்பு என்று வட்டங்கள் போட்டுக் கோடு இழுக்க வேண்டும். மற்றவர்கள் நடு வட்டத்தில் வெறும் எழுத்தை எழுதினார்கள். நான் சாம்பல் நிற ஸ்கெட்ச் பேனாவால் கயிற்றோடு ஒரு சாவி வரைந்தேன். அதன் கீழே 'நம்பிக்கை' என்று எழுதினேன். அந்தச் சாவிக்கு நிழல்கூடக் கொடுத்தேன், பாவி.

எங்கள் படிப்பை முடித்தவர்களில் பாதிப் பேர் கடைசியில் ஷூ கம்பெனிகளில் வெல்ஃபேர் ஆபீசராகத்தான் உட்காருகிறார்கள். இப்போது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று நடுவராக வந்த மூவரில் ஒருவர் எங்கள் துறையின் பழைய மாணவி, சாவி போட்ட அந்தப் பெண் வேலை செய்த கம்பெனியின் வெல்ஃபேர் மேடம். அது எனக்கு முன்னமே தெரியும். பெயரைத்தான் மாற்றியாயிற்றே என்று தைரியமாக இருந்தேன். போதாததற்கு, இவர் கண்ணில் பட்டால் நாளைக்கு வேலை கிடைக்கும் என்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அவர் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாவி நீயா வரைஞ்சதா, நெஜமாவே இருக்குதா?"

"நெஜம் மேடம். எப்பவும் கழுத்துல இருக்கும்."

"நல்லா கவனிச்சிருக்கே" என்று தாளில் ஏதோ குறித்தார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

இரண்டு வாரம் கழித்துக் கடைசிக் களப்பணிக்குப் போனேன். அங்கன்வாடியில் பாய் விரிக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்கக்கா. வெல்ஃபேர் மேடம் ரூமுக்குக் கூப்ட்டாங்க. நாற்காலிய எதிர்ல போடாம பக்கத்துல போட்டு உக்கார வச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கும், சொல்லும்மான்னாங்க. உங்கள மாதிரியே கேட்டாங்கக்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மெஷின் மேல வுழுந்துட்டா யார் பதில் சொல்றதுன்னு சொல்லி, சொந்தக் காரணம்னு எழுதி வாங்கிட்டாங்க."

ரெண்டு வருஷமா வரலன்னு சொன்னியா என்று கேட்டேன். சொன்னாளாம். அது என் ரெக்கார்டிலும் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.

"கூப்புடறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுக்கா. அவதான் போட்டுக் குடுத்திருக்கா. வேற யாருக்குத் தெரியும்? நீங்க சொல்ல மாட்டீங்க, நீங்க படிச்சவங்க. பஸ் ஸ்டாப்புல எல்லார் எதிர்லயும் அவள அறைஞ்சிட்டேன். அவதானக்கா?"

நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வைவா தேர்வு இன்னும் முடியவில்லை. இவள் துறைக்கு வந்து கத்தினால் என் டிகிரி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு வேகமாக நான் வேறெதையும் யோசித்ததில்லை.

"இருக்கலாம்" என்றேன்.

அவள் அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டே டீ போட்டுக் கொடுத்தார். "நீ ஒருத்தியாவது தேடி வர்றியேம்மா" என்றார். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் அந்தத் தோழி எனக்காகக் காத்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் சொல்லலக்கா. எங்கம்மா மேல சத்தியம். அவ என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா நம்புவாக்கா. போய் ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

"சொல்றேம்மா" என்றேன், குரலைத் தாழ்த்தி. குடியாத்தம் பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.