எரிந்த டிராக்டரை அண்ணன் வாங்கியது ஏன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில், எங்கள் அண்ணனிடம் ஒருமுறையாவது குறுக்குக் கேள்வி வாங்காதவர் இருக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரையே "பொண்ணு வீட்டைப் பத்தி நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். அவர் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும்படி அண்ணி என்னிடம் சொன்னார். நல்லவர், வல்லவர் என்று மட்டும் எழுதினால் அதை அண்ணனே நம்ப மாட்டார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

குத்தாலத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் இருக்கும் எங்கள் தெருவில்தான் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். களத்தில் கூலி நெல் அளக்கும்போது அளவு குறையும்படி மரக்காலின் விளிம்பில் பண்ணைக் காரியஸ்தரின் கட்டைவிரல் எப்படி உள்ளே போகிறது என்பதைப் பார்த்தே வளர்ந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமானார். அதன்பின் அண்ணன் மாயவரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஆயில் இன்ஜின் வேலை கற்றார். ஊருக்குத் திரும்பி பம்புசெட் பழுதுபார்த்து எங்களைக் காப்பாற்றினார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். மாப்பிள்ளை பக்கத்துத் தெரு; விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்பவர். டீக்கடை, நாட்டாண்மை, நெல் அரவை மில் என்று ஓர் இடம் விடாமல் விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுத்தார். கொடுத்த பிறகும் விசாரிப்பதை நிறுத்தவில்லை.

சொந்தமாக ஒரு டிராக்டர் வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. புதிதாக வாங்க வழியில்லை. பழைய வண்டி ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தானே கட்டி எழுப்புவதென்று முடிவு செய்திருந்தார். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். புதுப்பெயிண்ட் பளபளவென்று இருந்ததாம். அவர் பெயிண்டைப் பார்க்கவில்லை. நேராகப் போய் இன்ஜின்மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது. "நான் வர்றதுக்கு முன்னாடியே எதுக்குங்க ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்க? காலையில ஸ்டார்ட் ஆகாதா?" என்று கேட்டார். தோப்புக்காரர் சிரித்து மழுப்பினார். ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் டீ நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். வேளாங்கண்ணிப் பக்கம் பார்த்த இன்னொன்றின் அடிச்சட்டத்தை உப்புக்காற்று தின்றிருந்தது. இப்படிப் பார்த்த வண்டியெல்லாம் கழிந்துகொண்டே போயின. "உங்க அண்ணனுக்கு வண்டியைச் செஞ்சவனே நேர்ல வந்து சத்தியம் பண்ணணும்" என்பார் அண்ணி.

அது கழக ஆட்சி வந்த பிறகு நிலமும் கூலியும் ஊருக்கு ஊர் பேச்சாக இருந்த காலம். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணைகள் யார் யார் பெயரிலோ நிலத்தை எழுதிவைத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் சங்கத்தார் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் பண்ணையின் டிராக்டர் வயலில் எரிந்தது. உழுதுகொண்டிருந்த வண்டியை மறித்து, டிரைவரை விரட்டிவிட்டுத் தீ வைத்ததாகப் புகார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களில் என் கணவரும் ஒருவர்.

சிறைக்கு அண்ணனும் நானும் போனோம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "நீ வச்சியா?"

"இல்ல மச்சான்."

"வண்டி எரிஞ்சப்ப நீ எங்க இருந்த?"

"சங்கத்துலதான் இருந்தேன். நம்பலைன்னா போங்க."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "அவன் சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியாது. பண்ணை சொல்றதையும் எடுத்துக்க முடியாது." நான் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த சில வாரங்களில், எரிந்த டிராக்டரைப் பண்ணை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. போலீஸ் பார்த்துவிட்டு வண்டியைப் பண்ணையிடமே விட்டிருந்தது. வழக்கே இன்னும் நடக்கவில்லை, அதற்குள் ஏன் விற்கிறார்கள்? அந்தக் கேள்வியோடுதான் அண்ணன் போனதாகப் பின்னாளில் சொன்னார். அங்கே நடந்ததும் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

காரியஸ்தர், "கருகுன வண்டி உனக்கு எதுக்குப்பா?" என்று கேட்டாராம்.

"கியர் பெட்டி நல்லா இருந்தா கட்டி ஓட்டிடலாமுங்க."

அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்ஜினின் பக்கவாட்டில் டீசல் பம்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது இல்லாமல் டிராக்டர் ஓர் அடி நகராது. கேட்டதற்கு, "தீயெல்லாம் அணைஞ்சப்புறம் கழட்டினோம், எங்கேயோ போட்டுட்டாங்க" என்றார் காரியஸ்தர். அண்ணன் குனிந்து பார்த்தார். எரிந்த பிறகு கழற்றியிருந்தால், பம்ப் மூடியிருந்த இடத்தில் இரும்பு வெளுப்பாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் கரி அப்பிக்கிடந்தது. போல்ட் போகும் துளைகளுக்குள்ளேகூடக் கரி. தீ எரிந்தபோது அங்கே பம்பே இல்லை. பிறகு அந்த வண்டி எப்படி உழுதுகொண்டிருந்திருக்கும்?

அந்தக் கரியைப் பற்றி அண்ணன் மூச்சுவிடவில்லை. அதற்குப் பதிலாகப் பேரம் பேசினார். எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "பம்ப் இல்லாத வண்டிக்கு இந்த விலையாங்க? எல்லாரும் பாத்துக்குங்க, பம்ப் இல்ல!" என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் வாங்கினார். நாளைக்கு அவரே கழற்றிவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

வண்டியை மாடு கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் அவர் வந்தபோது கதவுகள் சாத்திக்கொண்டன. சங்கத்துக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "பண்ணை உனக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார். பம்புசெட் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் தன் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த கீற்றை எடுத்து வண்டிக்குக் கொட்டகை போட்டார். "வீட்டுக்குள்ள ஒழுகுது, இவரு கரிக்கட்டைக்குக் கூரை வேயறாரு" என்று அண்ணி அழுதார். ஒரு ஸ்பேனர்கூட வண்டியில் படவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை.

நான் போய் நின்றேன். "என் புருஷனை உள்ள தள்ளுன வண்டியை உன் வாசல்ல வச்சு மழை படாம பாத்துக்கிறியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"வீட்டுக்குப் போ. யார்கிட்டயும் பேசாத" என்றார். அவ்வளவுதான்.

அவர் மாயவரத்துக்கும் ஊருக்குமாக அலைந்ததுகூட எங்களுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. உண்மையில் சங்கத்து வக்கீலைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். பார்த்த உடனே சொல்லவும் இல்லை. வக்கீல் வீட்டுக்கும் பண்ணைக்கும் போக்குவரத்து உண்டா என்று முதலில் விசாரித்திருக்கிறார். இல்லையென்று தெரிந்த பிறகே வாயைத் திறந்தார். வக்கீல் மனுப்போட்டு, மோட்டார் வாகன ஆய்வாளர் எங்கள் தெருவுக்கு வந்தார். அந்தக் கொட்டகைக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கரி ஒரு துளிகூட நனையாமல் இருந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று அண்ணி கேட்டதற்கு, "சொன்னா நீ என் தங்கச்சிகிட்ட சொல்லுவ. அவ சந்தோஷத்துல ஊருக்கே சொல்லுவா. ராத்திரியோட ராத்திரியா வண்டியில தண்ணி அடிச்சுக் கழுவிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

கோர்ட்டில் பண்ணையின் டிரைவரைக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை. "பம்ப் இல்லாத வண்டியை எப்படிப்பா ஓட்டின?" என்று மட்டும் கேட்டார். டிரைவர் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் ஜன்னலைப் பார்த்தார். மறுபடியும் கேட்டபோது டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அது ரிப்பேராகி ஷெட்ல நின்ன வண்டிங்க ஐயா. மாடு கட்டி இழுத்து வயல்ல விட்டோம். சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்" என்றார். வழக்கு அதோடு விழுந்தது.

என் கணவர் வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் வாசலில் நின்று, "நீ வைக்கலைன்னு தெரிஞ்சுது மாப்ள" என்றார்.

"நான் சொன்னப்பவே தெரிஞ்சிருக்கணும் மச்சான்" என்று சொல்லிவிட்டு என் கணவர் உள்ளே போய்விட்டார். அதில் நியாயம் இருந்தது.

வண்டியை அண்ணன் பிரித்துக் கட்டி ஓட்டினார். மெஷின் வந்தால் கூலி போய்விடும் என்று தெருவில் பயம் இருந்தது. ஆகவே உபரி நிலத்தில் துண்டு துண்டாகப் பட்டா கிடைத்து, மாடு இல்லாமல் தவித்தவர்களுக்குத்தான் முதலில் உழுதார். அவர் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனது அந்த வண்டியால்தான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தப் பழைய வருத்தம் இருந்துகொண்டே இருந்தது. நல்லது கெட்டதுக்கு வருவார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மனசுவிட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

கடைசி மாதங்களில் அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்து, தானே சவரம் செய்துகொள்ள முடியாமல் போனது. சலூனுக்குப் போனாலும் தன் பிளேடைத்தான் கொண்டுபோவார்; கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். படுக்கையில் விழுந்த பிறகு யாரையும் முகத்தில் கத்தி வைக்க விடவில்லை. தாடி வளர்ந்து ஆளே அடையாளம் தெரியாமல் போனார். ஒருநாள் என் கணவர் சோப்பும் கிண்ணமுமாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அண்ணன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்தை நிமிர்த்திக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சவரம் முடிவதற்குள் தூங்கியும் போனார். அதன்பிறகு கடைசிவரை அது என் கணவரின் வேலையாகவே இருந்தது.

அண்ணனை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி அலைந்த தெருப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் எங்களோடு இருந்து உலை வைத்த பெண்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உடனே புறப்பட்டு வந்த மருமக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கட்டிய கணவருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. இந்த ஒருமுறை, அச்சில் இருப்பதால், சொல்லிவிடுகிறேன்.