மோதிரம் போட்ட சுண்டுவிரல்

பிறர் செய்த ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்த ஒருவர், தான் செய்ததை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வார்? பல்லக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியை முப்பது வருடம் ஒத்திப்போட்டது.

அவருக்குத் தொழில் செயற்கைப் பல் செய்வது; பெயரும் அதனால் வந்ததுதான். பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டு அடுக்கி, சின்ன உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லுக்கு இணையாக நிறமேற்ற வேண்டும். பளீரென்று வெள்ளையாக வேண்டும் என்பவர்களிடம், "வெள்ளையடிக்கிறது சுவத்துக்குங்க" என்பார்.

அவருடைய ஒரே பித்து, கையால் வண்ணம் தீட்டிய ரஷ்யப் பீங்கான் பொம்மைகள். சேகரிப்பவர்கள் விலை தெரிந்துகொள்ள அவரிடம்தான் வருவார்கள். பொம்மையைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பார்ப்பார். பிறகு அதைத் தன் முன்பல்லில் மெல்லத் தட்டுவார். உலையில் சுட்ட மெருகு 'டிக்' என்னும். உடைந்ததை ஒட்டிப் பெயின்ட் பூசியிருந்தால் சத்தம் செத்திருக்கும். ஒட்டுப்போட்ட எதையும் அவர் தன் அலமாரியில் சேர்த்ததில்லை.

அந்த அலமாரியின் முதல் பொம்மை, கப்பலில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்தது: தட்டில் தேநீரை ஊற்றி, சுண்டுவிரலை நீட்டிக் குடிக்கும் பெண். அக்காவும் தம்பியும் அடித்துக்கொள்ளக் கூடாதென்று ஒரே மாதிரி இரண்டு. கைவேலை என்பதால் முகம் ஒன்றாக இல்லை. அக்காவுடையதற்குப் புருவம் சற்றுத் தூக்கல். "உன்னுது முறைக்குது" என்று தம்பி தொடங்க, அடிதடி வழக்கம்போல நடந்தது.

பல்லக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம், தம்பி தன் பொம்மையைக் கீழே போட்டான். சுண்டுவிரல் போயிற்று. அப்பா வருவதற்குள் அக்கா பல் பீங்கானில் ஒரு விரல் செய்து சுட்டு ஒட்டினார். ஒட்டுத் தெரியாமலிருக்க மோதிரம்போல ஒரு தங்கக் கோடு. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

தச்சு வேலை பார்க்கும் தம்பிக்கு ஐம்பது நெருங்கியபோது, சொந்தப் பட்டறைக்கு முன்பணம் தேவைப்பட்டது. பொம்மையை விற்கத் துணிந்தார். அதை வாங்க அக்கா வீட்டுக்கு வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பல்லக்கா சொல்லாமல் எதையும் வாங்காதவர். பூதக்கண்ணாடியை எடுத்தவர் துள்ளினார்.

"மோதிரமா! இந்த வகையில மோதிரம் போட்டதை நான் பார்த்ததே இல்லையே! ரெண்டு மடங்கு தர்றேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா."

தம்பி மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தார். பல்லக்கா அந்த விரலைப் பல்லில் தட்டினார். டிக்.

"பாத்தீங்களா, அசல்!" என்றார் தம்பி.

"சத்தம் அசல். விரல் நான் செஞ்சது. ஒட்டை மறைக்கத்தான் மோதிரம்."

மருந்துக்கடைக்காரர் முகம் மாறிற்று. "அப்ப இத்தனை வருஷமா நீங்க தட்டிப் பாத்துச் சொன்னதெல்லாம்?"

"என்னை மாதிரி இன்னொரு பல் செய்யறவ கைவெச்சிருந்தா நானும் ஏமாந்திருப்பேன். சந்தேகம்னா எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, ஒட்டு இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாத்துடலாம்."

அதைச் சொல்லும்போது பல்லக்காவின் குரல் இறங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் யோசித்து, "இது வேண்டாங்க" என்று எழுந்து போனார்.

"அரிச்சந்திரனுக்கு அக்காவாப் பொறக்க வேண்டியவ நீ!" தம்பி வெடித்தார். "அப்பாகிட்டயே காட்டிக்கொடுக்காதவ, மருந்துக்கடைக்காரர்கிட்டப் போய்க் காட்டிக்கொடுத்துட்டியே! பட்டறை போச்சு!"

பல்லக்கா எழுந்தார். அலமாரியைத் திறந்து, புருவம் தூக்கிய தன் பொம்மையை எடுத்தார். இத்தனை வருடத்தில் கீறல் விழாதது. செய்தித்தாளில் சுற்றித் தம்பியின் கையில் திணித்தார்.

"ஓடு. தெருமுனை தாண்டறதுக்குள்ள புடி. இதுக்கு எழுத்துலயே உத்தரவாதம் தர்றேன்னு சொல்லு."

"உன்னுதையா? ஏன்க்கா?"

"பட்டறைக்கு நல்ல பூட்டா வாங்கு."

நேர்மைக்குத் தானே கட்டிக்கொண்ட அபராதம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அபராதம் கட்டியவர், தம்பியின் பொம்மையைத் துணியில் துடைத்து, காலியான அந்த முதலிடத்திலேயே, மோதிர விரல் வெளியே தெரியும்படி நிறுத்தினார்.